மாமாவைக் கூப்பிடப் போன நாள்

உள்ளங்கை வியர்வையில் கரைந்த குங்குமம் விரலிடுக்கு வழியே மணிக்கட்டுக்கு இறங்கி, சட்டைக் கைநுனியைச் சிவப்பாக்கிய அந்தப் பிசுபிசுப்பு எனக்கு இன்றும் மறக்கவில்லை. இலங்கையில் எங்கள் எல்கடுவைத் தேயிலைத் தோட்டத்தில் அக்கா பெரியவளாகி, சடங்கு வைத்திருந்தார்கள். எனக்குப் பத்து வயது. வீட்டு விசேஷத்துக்கு நேரில் போய், குங்குமம் கொடுத்து, வாயால் சொல்ல வேண்டும். சொல்லாத வீட்டார், ரத்த உறவாகவே இருந்தாலும், எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

அம்மாவுக்கும் அவருடைய அண்ணனுக்கும் ஏதோ கோபத்தில் ஒரு வருடமாகப் பேச்சில்லை. ஆனால் தாய்மாமன் இல்லாமல் சடங்கா? தானே போய் நிற்க அம்மாவின் ரோஷம் விடவில்லை. "நீ போய்ச் சொல்லு புள்ள, சின்னப் புள்ள வாயால கூப்பிட்டா அண்ணே மறுக்க மாட்டாரு" என்று குங்குமத்தைக் கையில் கொடுத்து, மாமா குடியிருந்த மேல் 'லய' வரிசை வீடுகளுக்கு அனுப்பினார்.

மாமாவின் ஒற்றை அறை வீடான 'காம்பரா'வில் அன்று விருந்தாட்கள், ஒரே சிரிப்பும் பேச்சும். நான் நுழைந்தால் எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பும், என் வார்த்தை குழறும், "என்னா புள்ள, நாக்க எங்க வச்ச?" என்று யாராவது கேட்பார்கள் என்று நினைத்ததுமே, 'பீலி'க் குழாயில் தண்ணீர் பிடிக்க வந்தவள் போல அரை மணி நேரம் வெளியே நின்றுவிட்டு, குங்குமத்தை அந்தத் தண்ணீரிலேயே கழுவிவிட்டுத் திரும்பிவிட்டேன். "சொன்னியா?" என்றார் அம்மா. "சொன்னேன்" என்றேன். பாவி, அது மட்டும் திக்காமல் வந்தது.

சடங்கன்று மாமாவுக்குப் போட்ட நாற்காலி காலியாகக் கிடந்தது. அம்மா பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "புள்ளைய அனுப்பிக் கூப்பிட்டும் வரல. இனிமே எனக்கு அண்ணனே இல்ல" என்று அழுதார். விறகுக் குவியலுக்குப் பின்னால் ஒளிந்து நின்று கேட்டேன்.

வளர்ந்து மாத்தளை நகரத்தில் ஒரு அலுவலகத்தில், எங்கள் பேச்சில் 'கந்தோரி'ல், வேலைக்குச் சேர்ந்த பிறகும் இதே கதைதான். தொலைபேசி அடித்தால் கழிவறைக்குப் போவேன்; கூட்டத்தில் ஏதாவது கேட்டால் சிங்களமும் தமிழும் சேர்ந்தே மறந்துபோகும்; பகல் சோற்றை மாடிப்படியில் தனியாகச் சாப்பிடுவேன். திமிர் பிடித்தவள் என்று பேர் வாங்கினேன். ஆஸ்பத்திரி கிளினிக்கில் ஒரு டாக்டரம்மாதான் இதற்குச் சமூகப் பதற்றம் என்று பெயர் சொல்லி, தப்பி ஓடும் ஒவ்வொரு முறையும் பயத்துக்குத் தீனி போடுகிறோம் என்று புரியவைத்தார். இப்போது முதல் வாக்கியத்தைத் துண்டுத்தாளில் எழுதிக்கொண்டு பேசுகிறேன். குரல் நடுங்கினாலும் நடுவில் எழும்பிப் போவதில்லை. பதற்றம் இன்னும் இருக்கிறது, அதோடு வேலை செய்யப் பழகியிருக்கிறேன்.

போன மாதம் அப்படி ஒரு வாக்கியத்தை அம்மாவுக்காக எழுதினேன். மாமா இறந்து மூன்று வருடம். சாவு வீட்டுக்கும் அம்மா போகவில்லை. மேல் லயத்தையும் இடித்துவிட்டார்கள். "அன்னைக்கு நான் மாமாகிட்ட சொல்லவே இல்லம்மா" என்று வாசித்தேன். அம்மா திட்டவில்லை. அந்தத் துண்டுத்தாளை வாங்கி மடித்துக்கொண்டே, "அப்ப எங்கண்ணே, நாம கூப்பிடுவோம்னு பாத்துக்கிட்டேதான் இருந்திருப்பாரு" என்றார்.