வேப்பிலை போடாத பாதி

விவசாயம் பார்க்கிறவளிடம் யாரும் கேள்வி கேட்பதில்லை. பதிலைத்தான் கொண்டுவந்து கொட்டுவார்கள். இந்த மருந்தை அடி, அந்த விதையைப் போடு, கையெழுத்துப் போட்டுவிட்டு பிஸ்கட் பாக்கெட்டை வாங்கிக்கொண்டு போ. அதனால், விவசாயிகள் தங்கள் நிலத்திலேயே ஆராய்ச்சி செய்ய நிதி தருகிறோம் என்று வந்த ஓர் அமைப்பு, "உங்க கேள்வி என்ன?" என்று என்னிடம் கேட்டபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

கேள்வி என்னிடம் தயாராக இருந்தது. எங்கள் நிலம் பெரியபாளையத்துக்கும் ஊத்துக்கோட்டைக்கும் நடுவில், ரோட்டை ஒட்டி. ஆடி பிறந்தால் அம்மன் கோயிலில் வேப்பஞ்சேலை கட்டிச் சுற்றுகிறவர்கள் கழற்றிப்போடும் இலை மலையாகக் குவியும். குப்பை வண்டிதான் அள்ளிக்கொண்டு போகும். அதைக் கத்திரிச் செடியின் அடியில் மூடாக்காகப் பரப்பினால் பூச்சி குறையுமா, ஈரம் நிற்குமா? நிதி கிடைத்துவிட்டது. ஆனால் பாதி நிலத்துக்கு மட்டும்தான் இலை போட வேண்டும், மறுபாதியை வெறுமனே விட்டு இரண்டையும் ஒப்பிட வேண்டும் என்றார்கள். காய்ப்புக் காலத்தில் அக்கம்பக்கத்து விவசாயிகளைக் கூப்பிட்டு, கண்டதை அவர்களுக்குச் சொல்லித்தரவும் வேண்டும்.

நிலத்தின் பட்டா என் வீட்டுக்காரர் பெயரில். முதுகு என்னுடையது. அவருக்குக் கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பெனியில் ஷிப்ட் வேலை. எளாவூர் பக்கத்து ஆள் ஒருவர் கோடவுன் கட்ட எங்கள் நிலத்தைக் குத்தகைக்குக் கேட்டதிலிருந்து இவருக்கு அதே நினைப்பு.

"மண்ணுல இன்னாமே கண்ட? அவன் மாசம் பொறந்தா டப்பு குடுப்பான். கோடவுன்ல புழு வுழாது."

"ஒரு பட்டம் பொறுய்யா. இந்த டெஸ்ட்ட முடிச்சிக்கிறேன்."

"சரி. இல போட்ட பாதி ஜெயிச்சா நீயே பயிர் வையி. ஜெயிக்கலயா, கோடவுனு. அப்பால மூஞ்சத் தூக்கி வச்சிக்கக் கூடாது."

சரி என்று சொல்லிவிட்டேன். எல்லாம் வாய்க்கொழுப்பு.

முணுமுணுத்துக்கொண்டே டெம்போ பிடித்து இலையைக் கொண்டுவந்து கொட்டியவரும் அவர்தான். நான் பரப்பியது போக மிச்சம் வரப்போரம் குவிந்து கிடந்தது. கொஞ்ச நாளில் இலை போட்ட பாதி தளதளவென்று நின்றது, வெறும் பாதி துவண்டுகொண்டு வந்தது. தினமும் காலையில் போய் அந்த வாட்டத்தைக் கண்குளிரப் பார்ப்பேன். தன் பயிர் வாடுவதைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட விவசாயி இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அந்த வாரம் நைட் ஷிப்ட் முடிந்து வந்ததும், நான் அடுப்படியில் இருக்கும்போது, அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய் வெறும் பாதிக்கு மண் அணைத்துக் கொடுத்தார். மனுஷன் திருந்திவிட்டார் என்று நினைத்தேன். கேட்காமலே முட்டை வேறு பொரித்துப் போட்டேன். பிறகு ஒரு மழை பெய்தது. வாடிக் கிடந்த பாதி மெல்ல மெல்லத் தேறியது. பாழாய்ப்போன மழை என்று அதைத்தான் திட்டினேன்.

விவசாயிகள் வரும் நாளும் வந்தது. ஷாமியானா, போண்டா, டீ எல்லாம் ஏற்பாடு. நிதி தந்த இடத்திலிருந்து வந்த மேடம் இரண்டு பாதியையும் மாறி மாறிப் பார்த்தார். நட்டுவைத்த போர்டு மட்டும் இல்லையென்றால் எது எது என்று எனக்கே தெரிந்திருக்காது. வெறும் பாதியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு செடியடியில் மண்ணைக் கிளறினார். மக்கிய வேப்பங்குச்சி, சேலை கட்டிய நூலோடு வந்தது. அடுத்த செடியிலும் அதே.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இலையைப் போட்டது நீங்கள்தானே என்று, போண்டாவுக்கு வந்திருந்த களை எடுக்கும் பெண்கள் மேல் பாய்ந்தேன். அதில் ஒருத்தி இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னாள்: "எங்க மேல ஏன் எகிர்ற? உங்க ஊட்டுக்காரருதான் டூட்டி முடிச்சி வந்து எலைய அள்ளிப் போட்டு மண்ணத் தள்ளிக்கினு கெடந்தாரு. அவரக் கேளு."

கூட்டம் மொத்தமும் திரும்பியது. அவர் டீத் தட்டோடு நின்றிருந்தார்.

"டீ ஆறுது," என்றார்.

"யோவ், நீயா போட்ட?"

"பின்ன இன்னாமே? ஒண்ணு நல்லா துன்னுட்டு நிக்குது, பக்கத்துலயே இன்னொண்ணு வாடிக்கினு கெடக்குது. எல வேற அங்கியே குவிஞ்சி கெடக்குது. ஒரே பந்தியில ஓரவஞ்சன பண்ணச் சொல்றியா?"

"நாயந்தான," என்றார் முன்னால் நின்ற ஒரு விவசாயி. ஆமாம் ஆமாம் என்று மற்றவர்களும் தலையாட்டினார்கள். ஆராய்ச்சியைக் கற்றுக்கொள்ள வந்த கூட்டம் அதைக் கெடுத்தவர் பக்கம் சேர்ந்துகொண்டு போண்டா தின்றது.

மேடம் மட்டும் தலையாட்டவில்லை. "கம்பேர் பண்ண ஒண்ணுமே இல்லையேம்மா. இத ரிசல்ட்னு எழுத முடியாது. அடுத்த வருஷம் ஃபண்டு கெடைக்கிறது கஷ்டம்," என்றார்.

நிதி போனது இருக்கட்டும். பேசிய பேச்சுப்படி இலை போட்ட பாதி ஜெயிக்கவில்லை. என் நிலமும் போய்விட்டது. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்பதும் பேச்சுதான், ஆனாலும் தூக்கித்தான் வைத்திருந்தேன். சாயங்காலம் டீ கிளாஸ்களைக் கழுவிக்கொண்டிருந்தபோது அவருடைய போன் அடித்தது. ஸ்பீக்கரில் எளாவூர்க்காரர்.

"இன்னா நைனா, டெஸ்ட்டு முடிஞ்சிதா? எப்ப அளக்க வரட்டும்?"

கிளாஸைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றேன்.

"முடியல நைனா," என்றார் இவர். "தப்பாப் பூடுச்சி. திருப்பிப் போடணும்."

போனை வைத்ததும் கேட்டேன்: "அவங்கதான் பணம் வராதுன்னுட்டாங்களே. எவன் குடுப்பான்?"

"நான் கம்பெனில ஓ.டி. பாக்குறேன்."

கேட்டதும் மனசு குளிர்ந்துவிட்டது. அதைக் காட்டிக்கொள்வேனா? "குடுத்துட்டு, மறுபடியும் எலைய அள்ளிப் போட்டுட்டு வந்து நிப்ப," என்றேன்.

அவர் கழுவிய கிளாஸ்களை எடுத்து அடுக்கினார்.

"அந்த வெறும் பாதிய நீயே பாத்துக்கமே. என்னிய அந்தப் பக்கம் அனுப்பாத. என்னால பாத்துக்குனு இருக்க முடியாது."