தவராஜாவுக்காகப் பதில் சொன்னவர்கள்

தவராஜா சுவிசுக்கு வந்து முப்பத்து மூன்று வருடங்கள். அதில் இருபத்தெட்டு வருடங்கள் பாடன் நகரில் ஒரே உணவகத்தின் சமையலறையில் பாத்திரம் கழுவினார், மரக்கறி வெட்டினார். ஒருநாளும் பிந்திப் போனதில்லை. டொச், அதாவது ஜெர்மன் மொழி, அவருக்கு ஏறவில்லை. ஏற வேண்டிய தேவையும் வரவில்லை. கடிதம் வந்தால் மனைவி ஜெயந்தி வாசித்தாள். டொக்டரிடம் போனால் மகள் யாதவி மொழிபெயர்த்தாள், எட்டு வயதிலிருந்து. வங்கியிலோ விசா அலுவலகத்திலோ யாராவது ஒன்றைக் கேட்டால், அவர் சிரித்துக்கொண்டே பக்கத்தில் நிற்பவரின் முகத்தைப் பார்ப்பார். பதில் அங்கேயிருந்து வரும். எங்கள் ஆட்களின் வீடுகள் பலவற்றில் இப்படித்தான்.

ஆகவே அவருக்கு மறதி நோய் தொடங்கியபோது அது நீண்ட காலம் யாருக்கும் தெரியவில்லை.

நான் அதே கட்டடத்தில் இரண்டாம் மாடியில் இருக்கிறேன். முதியோர் இல்லத்தில் இருபத்திரண்டு வருடங்கள் பராமரிப்பு வேலை செய்து ஓய்வு பெற்றவள். ஓகஸ்ட் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை யாதவி வந்து கதவைத் தட்டினாள்.

"அன்ரி, முதியோர் இல்லத்தில அப்பாவுக்கு ஒரு கட்டில் காலியா இருக்காம். திங்கட்கிழமை மத்தியானத்துக்குள்ள பதில் சொல்ல வேணும். அம்மா டொக்டரின்ர அறிக்கையைக் காட்டி, லேசான மறதிதானே, அனுப்ப மாட்டன் எண்டு நிக்கிறா. ஞாயிற்றுக்கிழமை பழைய ட்ராக்டர் காட்சிக்குப் போறம், நீங்களும் வாங்கோ. ஒருநாள் முழுக்க அப்பாவைப் பாத்திட்டுச் சொல்லுங்கோ. நீங்கள் சொன்னால் அம்மா கேப்பா."

"உன்ர அம்மா ஆர் சொல்லிக் கேட்டவ?" என்றேன். ஆனாலும் போனேன்.

ட்ராக்டர் காட்சி யாதவியின் யோசனை. ஊரில் தவராஜா எட்டு வருடங்கள் கிளிநொச்சிப் பக்கம் உழவு இயந்திரம் ஓட்டியவர். பழையதைப் பார்த்தால் முகம் தெளியும் என்று அவள் எங்கோ வாசித்திருந்தாள்.

காட்சி நடந்தது பாடனுக்கு வெளியே, அறுத்த கோதுமை வயலில். நூற்றுக்கு மேற்பட்ட ட்ராக்டர்கள் வரிசையாக நின்றன. டீசல் புகை, பொரித்த சொசேஜ் மணம், முப்பத்திரண்டு பாகை வெயில். அந்த வெயிலில் ஜெயந்தி கம்பளி மேற்சட்டை போட்டிருந்தாள், மணிக்கட்டு வரை நீண்ட கையோடு. நான் அதைக் கவனித்தேன், ஒன்றும் கேட்கவில்லை.

பேத்தி கோபிஷாவுக்கு ஏழு வயது. தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

"அம்மப்பா, நீங்கள் ஓடின ட்ராக்டர் என்ன நிறம்?"

"சிவப்பு," என்றாள் ஜெயந்தி.

"நான் அம்மப்பாட்டக் கேட்டனான். உங்களிட்ட இல்லை."

"அவரும் சிவப்பெண்டுதான் சொல்லுவார். நட, நட."

தவராஜா சிரித்தார். பசிக்கிறதா என்று யாதவி கேட்டதற்கும், கால் நோகிறதா என்று நான் கேட்டதற்கும் ஜெயந்திதான் பதில் சொன்னாள். ஒரு மணித்தியாலத்தில் அவர் வாயிலிருந்து ஒரு முழு வசனம் வரவில்லை. யாதவி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு சாப்பாடு வாங்கும் வரிசைக்குப் போனதும் நான் ஜெயந்தியிடம் சொன்னேன்:

"அரை மணித்தியாலம் உன்ர வாயைப் பூட்டி வை. அவர் தானாக் கதைக்கட்டும். ஒழுங்காக் கதைச்சாரெண்டால், கட்டில் வேண்டாமெண்டு யாதவிட்ட நானே சொல்லுறன்."

"உண்மையாவோ, அக்கா?"

"ஓம். ஆனா ஒரு சொல்லுக் கதைச்சாலும் நீ தோத்தாய்."

அவள் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள்.

முதல் இருபது நிமிடங்கள் தவராஜா நன்றாகத்தான் இருந்தார். ஒரு சிவப்பு ட்ராக்டரின் முன்னால் நின்று, காற்று வடிகட்டியின் கிண்ணத்தைத் தட்டிக் காட்டினார். "இதுக்குள்ள எண்ணெய் மாத்தாட்டில் எஞ்சின் கரும்புகை கக்கும்," என்றார். அந்த ட்ராக்டரின் சொந்தக்காரர், வயதான விவசாயி, ஒரு சொல்லும் விளங்காமல் தலையாட்டினார். ஜெயந்தி என் விலாவில் இடித்தாள். அவளுடைய கண் முழுக்க வெற்றி.

அடுத்து நின்றது ஆங்கிலேயர் செய்த பச்சை ட்ராக்டர். அதைச் சாவியால் கிளப்ப முடியாது. தோட்டா போன்ற ஒன்றைச் செருகிச் சுத்தியலால் ஓங்கி அடிக்க வேண்டும். ஒலிபெருக்கியில் ஒருவர் டொச்சில் அறிவித்தார்: பெரிய வெடிச்சத்தம் வரும், எல்லோரும் காதைப் பொத்திக்கொள்ளுங்கள். சுற்றி நின்ற பிள்ளைகள் சிரித்துக்கொண்டு பொத்தினார்கள். ஜெயந்தி புருசனின் பக்கம் திரும்பி வாயைத் திறந்தாள். நான் விரலை உயர்த்தினேன்.

"இன்னும் எட்டு நிமிசம் இருக்கு," என்றேன்.

அறிவிப்பு என் காதிலும் விழுந்தது. நான் அப்போது அவளுடைய சட்டைக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிழை என்னுடையது.

வெடித்தது. தவராஜா ஜெயந்தியின் கையைப் பிடித்து ஒரே இழுவையில் நிலத்தில் விழுத்தி, பக்கத்தில் நின்ற வண்டிலுக்குக் கீழே தள்ளி, அவளுக்கு மேலே படுத்தார். ஒரு கையால் அவளுடைய வாயையும் மூக்கையும் சேர்த்துப் பொத்தினார்.

"சத்தம் போடாதை. ஹெலிகொப்டர் மேல நிக்குது."

அருகில் நின்றவர்கள் முதலில் சிரித்தார்கள், ஏதோ பகிடி என்று நினைத்து.

இப்படிப் பிடித்திருப்பவரின் விரலை இழுத்துப் பிரிக்கக் கூடாது. இழுத்தால் இன்னும் இறுக்குவார். நான் முழங்காலில் குனிந்து, அவருடைய கண்ணுக்கு நேரே முகத்தை வைத்துச் சொன்னேன்: "தம்பி, ஹெலி போயிட்டுது. எல்லாரும் வெளியில வந்திட்டினம். நீங்களும் வாங்கோ."

மூன்றாம் முறை சொன்னபோது கையை எடுத்தார். ஜெயந்தியின் உதடு நீலமாக இருந்தது. இடது மணிக்கட்டு வளைந்து தொங்கியது. கையைப் பார்க்கச் சட்டையை மேலே சுருட்டினேன். மஞ்சள், பச்சை, ஊதா. மூன்று கிழமைக்கு முந்திய காயமும் நேற்றையதும் ஒரே கையில்.

"எவ்வளவு காலமா?"

"வைகாசியில இருந்து. அடிக்கிறேல்லை, அக்கா. குப்பை லொறி வந்தாலோ, ஆரும் கதவை அடிச்சுச் சாத்தினாலோ என்னைக் கட்டிலுக்குக் கீழ இழுப்பார். என்னைக் காப்பாத்துறார்."

"எலும்புக்கு அது தெரியாது," என்றேன்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் தவராஜா பேத்திக்குப் பக்கத்தில் சாதுவாக இருந்து ஒரு பாண் துண்டைத் தின்றார். ஜெயந்தியை எக்ஸ்ரே படம் எடுக்கக் கொண்டுபோன நேரத்தில் யாதவி என்னிடம் வந்தாள்.

"அன்ரி, டொக்டர் லேசான மறதி எண்டு எழுதினது என்னாலதான். என்ன வருசம் எண்டு அவர் கேட்டார். அப்பா எண்பத்தேழு எண்டார். நான் சரியான வருசத்தைச் சொன்னன். எந்த ஊர் எண்டதுக்குக் கிளிநொச்சி எண்டார். நான் பாடன் எண்டன். ஞாபகசக்தியைப் பாக்க மணிக்கூடு கீறச் சொன்ன தாளை வெறுமனே வைச்சிருந்தார். கண்ணாடி கொண்டு வரேல்லை எண்டு சொல்லிப்போட்டன்."

"ஏன்?"

"அந்த டொக்டருக்கு முன்னால அப்பா ஒண்டும் தெரியாத ஆள் மாதிரி இருக்கக் கூடாதெண்டு. யோசிச்சுச் செய்யேல்லை. சின்னனில இருந்து செய்யிறதுதானே."

அந்த அறிக்கையைத்தான் ஜெயந்தி மூன்று மாதமாக எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தாள்.

தாதி வந்து எப்படி நடந்தது என்று கேட்டபோது, புல்லில் தடுக்கி விழுந்தேன் என்று ஜெயந்தி டொச்சில் சொன்னாள். தாதி கையின் நிறங்களைப் பார்த்துவிட்டு யாதவியைப் பார்த்தாள்.

"யாதவி, விழுந்தனான் எண்டு சொல்லு," என்றாள் ஜெயந்தி தமிழில்.

"இனி உள்ளதைச் சொல்லு, பிள்ளை," என்றேன் நான்.

யாதவி எல்லாவற்றையும் சொன்னாள், வருசம் எண்பத்தேழு என்பதையும். ஜெயந்தி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு யாதவி இல்லத்துக்கு அழைத்து ஓம் என்றாள். புதன்கிழமை கொண்டுபோய் விட்டோம். ஜெயந்தியின் கையில் கட்டு இருந்ததால் உடுப்புப் பையை நான் தூக்கினேன். வழியில் அவள் என்னோடு ஒரு சொல்லும் கதைக்கவில்லை. இன்றுவரை கதைப்பதில்லை.

அங்கே ஒரு இளம் பராமரிப்பாளர் படிவத்தை வைத்துக்கொண்டு தவராஜாவுக்கு எதிரே இருந்தாள். காலையில் என்ன குடிப்பீர்கள் என்று மெதுவாகக் கேட்டாள். யாதவி அந்தக் கேள்வியைத் தமிழில் சொன்னாள், கேள்வியை மட்டும்.

தவராஜா சிரித்துக்கொண்டே ஜெயந்தியின் முகத்தைப் பார்த்தார். ஜெயந்தி நிலத்தைப் பார்த்தாள். அவர் யாதவியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், பிறகு மறுபடியும் ஜெயந்தியை. சிரிப்பு மெல்ல மெல்லப் போனது. நாங்கள் மூன்று பேரும் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பிள்ளை நல்ல பொறுமைசாலி, நிறைய நேரம் காத்திருந்தாள். பிறகு படிவத்தில் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள்.