அப்பம் அப்பந்தான்

முதுகலை இரண்டாம் ஆண்டில் ஐரோப்பிய வரலாறு எடுத்த பேராசிரியை, லொல்லார்டுகள் என்ற கூட்டத்தைப் பத்தே நிமிடத்தில் முடித்துவிட்டார். அறுநூறு வருடங்களுக்கு முன்பு இங்கிலாந்தில் இருந்தவர்கள். வேதத்தைத் தங்கள் சொந்தப் பேச்சில், வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு வாசித்தவர்கள். பூசையில் சாமியார் ஜெபம் சொன்ன பிறகும் அப்பம் ஆண்டவரின் உடலாக மாறாமல் அப்பமாகவே இருக்கிறது, பாவத்தைக் கடவுளிடம் சொன்னால் போதும், மரச் சுரூபத்துக்கு முன்னால் மெழுகுவத்தி எதற்கு, குருமார்களுக்குச் சொத்து எதற்கு என்று கேட்டவர்கள். லொல்லார்டு என்றால் முணுமுணுப்பவன் என்று பொருளாம்; வேண்டாதவர்கள் வைத்த பெயர். "ரெண்டு மார்க் கேள்வியா வரலாம்" என்று சொல்லிவிட்டு அவர் பக்கத்தைத் திருப்பினார். நான் திருப்பவில்லை. எங்கள் தெருவிலும் அப்படி ஒரு கூட்டம் இருந்தது. அவர்களுக்கு வாசித்தவள் நான். அப்போது எனக்குப் பத்து வயது.

ஆம்பூரைத் தாண்டி, பாலாற்றை ஒட்டிய தெரு அது. எங்கள் வரிசையில் எல்லோரும் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவர்கள், எல்லோரும் தோலை நம்பிப் பிழைத்தவர்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போய் உட்கார்ந்த முதல் ஆள் நான்தான். இதைப் பெருமைக்காகவே சொல்கிறேன். வீட்டில் யாருக்கு எந்தத் தாள் வந்தாலும் என்னிடம்தான் வரும். மருந்துச் சீட்டு, ரேஷன் கார்டு, கல்யாணப் பத்திரிகை எதுவானாலும் நான் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசிப்பேன். அரைப் பக்கம் புரியாது. நிறுத்தமாட்டேன்.

பெரியப்பா தோல் பதனிடும் டேனரியில் சுண்ணாம்புத் தொட்டியிலும், தோலைச் சுழற்றுகிற டிரம்மிலும் வேலை பார்த்து, மூச்சு கெட்டு, வீட்டோடு படுத்துவிட்டவர். எழுத்து தெரியாது. அவருக்கு ஒரே மகன் பிறந்து, நான் பிறப்பதற்கு முன்பே இறந்துபோயிருந்தான். கோயில் கல்லறைத் தோட்டத்தில் அந்தச் சின்னக் குழியை ஒட்டி ஓர் ஆள் நீளத்துக்கு இடம் காலியாகக் கிடந்தது. "அது என் எடம்" என்று பெரியப்பா சொல்லுவார், பஸ்ஸில் துண்டு போட்டு வைத்தவர் மாதிரி.

பெரியம்மா ஷூ கம்பெனிக்குப் போய்விடுவார். பகல் முழுக்கத் தனியாகக் கிடக்கிற மனிதருக்குப் பொழுது போகட்டும் என்று, பள்ளிக்கூடம் விட்டதும் வேதப் புத்தகத்தை வாசித்துக் காட்டச் சொல்லி அம்மா என்னை அனுப்பினார். இதெல்லாம் அங்கே தொடங்கியதுதான். வெளியூர் போதகர் யாரும் வந்து எங்களைக் கெடுக்கவில்லை.

ஈ மொய்க்கும் என்பதால் பெரியப்பா முகத்தில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு மல்லாந்து படுத்திருப்பார். நான் ஒரு வரி வாசிப்பேன். துண்டுக்கு அடியிலிருந்து அதே வரி முணுமுணுப்பாகத் திரும்பி வரும். அடுத்த வரி, அடுத்த முணுமுணுப்பு. ஒருமுறை கேட்டதை அவர் மறக்கவே மாட்டார். இரண்டு மாதத்துக்குப் பிறகு பழைய பகுதியை மறுபடி வாசித்தால், நான் வாய் திறப்பதற்கு முன்பே அந்த வரி துண்டுக்குள்ளிருந்து வந்துவிடும். புத்தகம் என் கையில் இருக்க, சத்தம் முகமில்லாத இடத்திலிருந்து வரும்.

கொஞ்ச நாளில் ஷூ கம்பெனியில் தையல் வேலை பார்த்த இரண்டு அக்காக்கள், ஷிஃப்ட் இல்லாத நாட்களில் வந்து உட்கார்ந்தார்கள். அவர்களும் திருப்பிச் சொன்னார்கள். பேச்சு வரும் என்று பெரியம்மா கதவைச் சாத்தச் சொன்னார். கதவைச் சாத்தியதால்தான் பேச்சு வந்தது. வெளியே போகிறவர்களுக்கு உள்ளிருந்து ஒரு குழந்தையின் குரலும், பின்னாலேயே பல வாய்களின் முனகலும் கேட்கும். பையன்கள் என்னைப் பார்த்து, "தோ பார்றா, மொணமொண வூட்டுப் பொண்ணு போவுது" என்று ஓடுவார்கள்.

பெரியப்பா கேட்பதோடு நிற்கவில்லை. யோசிக்க ஆரம்பித்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேர் தாங்கிக் கூட்டிப்போகப் பூசை கண்டுவிட்டு வந்தவர், அன்று சாயங்காலம் துண்டை எடுத்துவிட்டு எழுந்து உட்கார்ந்தார். "பச்சத் தோலு லெதரா மாறுனா கைக்குத் தெரியும், மூக்குக்குத் தெரியும், தட்டுனா சத்தமே வேற. நாக்குக்கும் தெரியாம கைக்கும் தெரியாம மாறிப்போச்சுன்னா, முப்பது வருசம் தோலு பாத்தவன் எப்படி நம்புறது? அப்பம் அப்பந்தான்" என்றார். ஒரு அக்கா சிலுவை போட்டுக்கொண்டாள். இன்னொருத்தி சிரித்துவிட்டு, சிரித்ததற்காக அவளும் போட்டுக்கொண்டாள்.

அதன் பிறகு ஒவ்வொன்றாகக் கழன்றது. சுரூபத்துக்கு மாலை எதற்கு, செத்தவனுக்குப் பூசை எதற்கு என்றார். கடைசியில், சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத்துக்கும் போவதை விட்டார். உபதேசியார் பெரியப்பா வீட்டுக்கு வந்தார். கோயிலில் சாமியாருக்கு அடுத்தபடி அவர்தான். பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லித் தருகிறவர்.

"இன்னா பெரியவரே, பாவசங்கீர்த்தனத்துக்கு ஆளையே காணோம்?"

"புஸ்தகத்துல அப்படி ஒண்ணும் இல்லியே உபதேசியாரே. எங்க பாப்பா மொதல்லேர்ந்து கடேசி வரைக்கும் படிச்சுட்டா."

"நாலாங்கிளாஸ் பொண்ணு படிச்சுதாம்!"

"அஞ்சாங்கிளாஸ்" என்றேன் நான்.

உயிர்த்தெழுந்த பிறகு ஆண்டவர் சீடர்கள்மேல் ஊதி, பாவத்தை மன்னிக்கிற அதிகாரத்தைக் கொடுத்த இடம் இருக்கிறதே, அது என்ன என்று உபதேசியார் கேட்டார். பெரியப்பா என் பக்கம் திரும்பினார். "பாப்பா, அப்படி இருக்குதா?"

"இல்ல" என்றேன், அடித்துச் சொன்னேன்.

உபதேசியார் போன பிறகு எனக்கு உறுத்தியது. புத்தகத்தைத் தனியாக எடுத்துப் பார்த்தேன். அந்த இடத்தில் இரண்டு தாள்கள் கஞ்சி பட்டு ஒட்டிக்கொண்டிருந்தன. கயிறு தாண்ட வெளியே சிநேகிதிகள் கூப்பிட்ட ஒரு நாள், பிரிக்கச் சோம்பல்பட்டு, சேர்த்தே திருப்பியது நினைவுக்கு வந்தது. நகத்தால் பிரித்தேன். உபதேசியார் சொன்னது அப்படியே உள்ளே இருந்தது.

நான் சொல்லவில்லை. 'அஞ்சாங்கிளாஸ்' என்று திருத்தியவள் எப்படிச் சொல்லுவேன்? இதற்குள் பெரியப்பா பார்க்கிறவர்களிடமெல்லாம், "புஸ்தகத்துலயே கெடையாது, எங்க பாப்பா பாத்துட்டா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அக்காக்களும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போவதை நிறுத்தினார்கள். மூச்சு ரொம்ப மோசமானபோது, சாகக் கிடக்கிறவர்களுக்குப் பூசுகிற எண்ணெயோடு சாமியாரே வந்தார். பெரியப்பா, "சிரமப்படாதீங்க சாமி" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே நின்ற கோயில் பெரியவர்கள் அதைக் கேட்டார்கள். "அப்புறம் கல்லறையில எடம் கேட்டு வரக்கூடாது" என்றார் ஒருவர். அன்று பெரியம்மா அழுததைப் பார்த்த பிறகுதான், ஒட்டியிருந்த பக்கத்தை வாசித்துவிடுவது என்று முடிவெடுத்தேன். முன்பு விட்டது என் தவறு என்று சொல்ல மாட்டேன். இன்றைக்குப் புதிதாக வருகிற பக்கம் போல வாசித்துவிடுவேன்.

அது ஒரு வெள்ளிக்கிழமை. பின்சுவரை ஒட்டிய டேனரியின் முதலாளி முஸ்லிம், அதனால் வெள்ளிதான் லீவு. மற்ற நாட்களில் டிரம் சுற்றுகிற சத்தம் எங்கள் வீடுகளுக்குள்ளேயே சுற்றும். அன்று அது இல்லாமல் காது அடைத்த மாதிரி இருந்தது. நாலரை மணிக்குப் போனேன். பெரியப்பா துண்டைப் போட்டுக்கொண்டு படுத்திருந்தார். கதவைச் சாத்திவிட்டு வழக்கமான இடத்தில் உட்கார்ந்து, அந்தப் பக்கத்தைப் பிரித்தேன்.

முதல் வரி வாசித்தேன். முணுமுணுப்பு வந்தது. கொஞ்சம் தாமதமாக, கொஞ்சம் தணிந்து வந்தது, இருந்தாலும் வந்தது. மன்னிக்கிற அதிகாரம் கொடுக்கிற வரி வந்தது. வாசித்துவிட்டுக் காத்திருந்தேன். அறையில் ஈ பறக்கிற சத்தம் மட்டும் இருந்தது. பிறகு அந்த வரி, சொல் பிசகாமல், மெல்லத் திரும்பி வந்தது. அப்பாடா என்றிருந்தது எனக்கு. அந்த அத்தியாயம் முடிகிற வரை வாசித்தேன். ஒவ்வொரு வரியும் திரும்பி வந்தது. கடைசி நான்கைந்து வரிகளில், நான் முடிப்பதற்கு முன்பே வந்தது. அந்தப் பக்கத்தை அவர் அதற்கு முன்பு கேட்டதே இல்லை என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

ஐந்தரைக்குப் பெரியம்மா வந்தார். பெரியப்பாவின் காலைத் தொட்டார். அவர் போட்ட சத்தத்தில் தெருவே கூடியது. ஊசி போடுகிற கம்பவுண்டர் வந்து, கையை மடக்கிப் பார்த்தார்; மடங்கவில்லை. "மத்தியானமே போய்ட்டாரு. விறைச்சுப்போச்சு பாரு" என்று பெரியம்மாவிடம் தணிந்த குரலில் சொன்னார். நான் புத்தகத்தோடு மூலையில் நின்றிருந்தேன். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் கோயில் பெரியவர்கள் சாமியாரோடு வாசலில் வந்து உட்கார்ந்தார்கள். கல்லறைத் தோட்டத்தில் இடம் இல்லை என்று ஒரே பேச்சாகச் சொன்னார்கள். பெரியம்மா யாரிடமும் ஜெபம் கேட்கவில்லை, மணி அடிக்கக் கேட்கவில்லை. "புள்ள பக்கத்துல போட்டுர்றேன் சாமி, அது போதும்" என்று சாமியாரின் காலைப் பிடித்தார்.

சாமியார் இளைஞர். இடம் மறுப்பதில் அவருக்கு விருப்பம் இல்லை என்பது அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்கவைத்தார். புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லி, சரியாக அந்தப் பக்கத்தை எடுத்தார். கஞ்சிக் கறை இருந்தது. தாளின் ஓரம் நகம் பட்டுக் கிழிந்திருந்தது. அதை அவர் விரலால் தடவிப் பார்த்தார்.

"இந்தப் பக்கத்தப் பெரியப்பாவுக்கு வாசிச்சுக் காட்டினியாம்மா?"

நான் தலையை நிமிர்த்தினேன்.

"நல்லா யோசிச்சுச் சொல்லு. சின்னப் பொண்ணு நீ. ஒண்ணு ரெண்டு பக்கம் விட்டுப்போயிருக்கும். விட்டிருந்தா யாரும் திட்டமாட்டாங்க."

தெருவே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. பையன்கள் கூட.

"எதையும் விடல ஃபாதர்" என்றேன். "இதையும் வாசிச்சேன். பெரியப்பா ஒவ்வொரு வரியும் திருப்பிச் சொன்னாரு."

"கேட்டுக்கினீங்களா சாமி?" என்றார் பெரியவர்களில் ஒருவர். "தெரிஞ்சே வாணாம்னிருக்காரு."

எப்போது வாசித்தேன் என்று யாரும் கேட்கவில்லை. சாமியார் புத்தகத்தை மூடி, என் கையிலேயே கொடுத்துவிட்டு எழுந்தார்.

கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே, ஆற்றங்கரையில் பெரியப்பாவைப் புதைத்தோம். இங்கிலாந்தில் லொல்லார்டுகளுக்கு வழிகாட்டியவர் ஒருவரைப் புதைத்துப் பல வருடம் கழித்துத் தோண்டி, எலும்பை எரித்து, சாம்பலை ஆற்றில் கரைத்தார்களாம். எங்களுக்கு அவ்வளவு வேலை வைக்கவில்லை. பாலாற்றில் கரைக்கத் தண்ணீரும் இல்லை. மண் தள்ளியபோது அந்த இரண்டு அக்காக்களும் எதையோ முணுமுணுத்தார்கள். அவர்கள் நிறுத்திய பிறகும் அது கொஞ்ச நேரம் எனக்குக் கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கம், அவர் மகனை ஒட்டிய இடம் காலியாகவே இருந்தது. பெரியம்மா என்னைத் திட்டவில்லை. அதற்குப் பிறகு எந்தத் தாள் வந்தாலும் என்னிடம் கொண்டுவரவும் இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை எனக்குத் திருப்பிச் சொன்னது யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அது தெரியாமல் போனதில் கூட வருத்தம் இல்லை. சாமியாரின் கேள்விதான் என்னை விடவில்லை. கேள்விப்படாமல் பேசிய மனிதனுக்குக் குற்றம் இல்லை என்று சொல்லிப் பெரியப்பாவைக் கல்லறைத் தோட்டத்துக்குள் கொண்டுபோக, அந்த இளம் சாமியார் ஒரு வார்த்தை தேடிக்கொண்டிருந்தார். 'விட்டுட்டேன்' என்ற அந்த வார்த்தை என்னிடம் மட்டுமே இருந்தது, அது உண்மையும்கூட. அவர் அதை என் வாயருகே கொண்டுவந்து வைத்தது பத்து வயதில் எனக்குப் புரியவில்லை. பெரியவர்கள் புத்தகத்தைக் காட்டிப் படித்தாயா என்று கேட்டால், படித்தேன் என்று சொல்ல வேண்டும். அதற்குத்தானே என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியிருந்தார்கள்.