மார்கழியில் திறக்காத மலை

சிவபாதம் பனியில் சறுக்கி விளையாடுகிற ஸ்கீ ஊர் ஒன்று கட்டப்போகிறான் என்று கேட்டபோது நான் நம்பவில்லை. ரொறன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரே அறையில் என்னோடு படுத்துக் கிடந்தவன். மிசிசாகாவில் விமானத்துக்குப் பெட்டி ஏற்றுகிறவன். நாங்களெல்லாம் பனியைக் கண்டால் திட்டுகிற ஆட்கள். இவன் ரொறன்ரோவுக்கு வடக்கே இரண்டு மணித்தியால ஓட்டத்தில் ஒரு மொட்டை மலையை வாங்கிவிட்டு வந்து நிற்கிறான்.

"உமக்கு விசரோ?" என்று கேட்டேன்.

"ஓம் அண்ணை. ஒருக்கா வந்து பாருங்கோவன்," என்றான்.

நான் போகவில்லை. ஒருவரும் போகவில்லை. கலியாண வீடுகளில் அவனை 'இமயமலை' என்று பகிடி பண்ணினோம். அவனோ பன்னிரண்டு வருடம் லீவு நாள் முழுக்க அங்கேதான் கிடந்தான். மரம் வெட்டினான், ஆட்களை மேலே இழுக்கிற லிஃப்றைப் பொருத்தினான், சரிவின் அடியில் ஆறு மரவீடு எழுப்பினான். போன டிசெம்பர் நடுவில் எல்லாம் தயார். அந்த ஊர்ச் சபை ஒரு நிபந்தனை வைத்திருந்தது. திறப்பு நாளில் அதிகாரி வருவார், சரிவில் சனம் சறுக்குவதைப் பார்ப்பார். இல்லையென்றால் அனுமதி ரத்து.

அப்போதுதான் என்னிடம் வந்தான். எங்கள் ஆட்களுக்கு நாள் பார்த்துக் கொடுப்பவன் நான். பஞ்சாங்கத்தை விரிக்கவே இல்லை.

"மார்கழியில ஆரும் புதுசாத் தொடங்குவினமோ? தைப்பொங்கலுக்குத் திறவும். நாங்கள் எல்லாரும் வாறம்."

அவன் என்னையே பார்த்தான். "எல்லாருமோ அண்ணை?"

"எல்லாரும்தான்."

மார்கழி முழுக்க முழங்கால் அளவு பனி. கிறிஸ்மஸ் விடுமுறைக்குச் சனமெல்லாம் ஸ்கீ தூக்கிக்கொண்டு திரிந்தது. அவன் மலை பூட்டிக் கிடந்தது.

பொங்கலன்று நாங்கள் இருக்கிற ரூஜிலிருந்து இருபது காரில் போனோம். வழியெல்லாம் மழை. நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. கடைசி வளைவில் திரும்பியதும் பிரேக்கை மிதித்தேன். மலையில் ஒரு பிடி பனி இல்லை! காய்ந்த புல்லும் சேறும்தான். லிஃப்ற் மாத்திரம் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது. அதிகாரி குடையோடு நின்று ஏதோ எழுதினார், காரில் ஏறினார், போய்விட்டார். ஒரு மனிதனின் பன்னிரண்டு வருடத்தை என் வாயால் அழித்துவிட்டேன்.

"சிவபாதம், என்ர பிழையப்பா. என்னை ஏசும்," என்றேன்.

"உங்கட பிழை இல்லை அண்ணை. பொங்கல் நேரம் இங்கை பனி உருகுறது வழமை. எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சுமோ? பிறகேன் ஓம் எண்டனீர்?"

பட்டுச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பிள்ளைகளை இழுத்துக்கொண்டு, சேற்றில் இறங்கி வந்த எங்கள் சனத்தை அவன் பார்த்தான்.

"நீங்கள் எல்லாரும் வாறம் எண்டு சொன்ன ஒரே நாள் இதுதானே அண்ணை."