மாஸ்க்குக்குள் இருந்த சிவப்புக் கல்

பேய், பில்லி சூனியம் என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். செஞ்சிக் கோட்டையில் குதிரைக் குளம்படி கேட்கிறது என்று சொன்னவர்களிடம், கழுதையாக இருக்கும், போய்ப் பாருங்கள் என்றவள். அப்படிப்பட்டவள் சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள், இல்லையென்றால் கிழவிக்குப் புத்தி பிசகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அறுபதுகளில் செஞ்சியில் ஒரு சின்னப் பிரசவ ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். கல்யாணமான இரண்டாம் வருஷமே புருஷன் போய்விட்டார். பொட்டு, பூ, மூக்குத்தி எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். மூக்குத்தி என் அம்மா போட்டது, ஒற்றைச் சிவப்புக் கல். அதை முந்தானையில் முடிந்து வைத்திருப்பேன். குறைமாதக் குழந்தைகளின் அறையில் மாஸ்க் கட்ட வேண்டும் என்பது டாக்டரம்மாவின் சட்டம். மாஸ்க்குக்குள் யார் பார்க்கப்போகிறார்கள் என்று அங்கே போனதும் மாட்டிக்கொள்வேன், வெளியே வருமுன் கழற்றிவிடுவேன். இருபத்திரண்டு வயசு, ஆசை யாரை விட்டது.

தொண்டூரிலிருந்து பத்மாவதி என்று ஒரு ஜைனர் வீட்டுப் பெண் வந்தாள். மூன்று தங்காமல் போய், நாலாவது ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டது. கண்ணாடிப் பெட்டியில் வைத்து ஆக்சிஜன் கொடுத்தோம். அளவுக்கு மேல் போனால் கண் போய்விடும், நான் வைத்ததற்கு மேல் திறக்காதே என்று டாக்டரம்மா படித்துப் படித்துச் சொன்னார். நானோ, மத்தியானம் அவர் சாப்பிடப் போனதும், குழந்தை நீலம் பாய்வதைப் பார்க்கப் பொறுக்காமல் சிலிண்டரை இன்னும் கொஞ்சம் திருகித் திறந்துவிடுவேன். மாஸ்க்கை இறக்கிக் குனிந்து, மூச்சு வாங்குடி கண்ணு என்பேன். அவர் திரும்பி வருவதற்குள் பழையபடி குறைத்துவிடுவேன். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஒரு மாசம். நல்லது செய்கிறோம் என்றுதான் நினைத்தேன்.

பிழைத்தாள். சாந்தி என்று பெயர் வைத்தார்கள். ஆறு மாதம் கழித்துத் தூக்கிவந்தபோது இரண்டு கண்மணிக்குள்ளும் வெள்ளை விழுந்திருந்தது, பார்வையே இல்லை. எல்லாம் என் கர்மம் என்று பத்மாவதி தன்னையே நொந்துகொண்டாள். மறுநாள் சிங்கவரம் மலையேறி மூக்குத்தியைப் பெருமாள் உண்டியலில் போட்டுவிட்டு வந்தேன். அவளோ வருஷாவருஷம் மல்லாட்டை பிடுங்கியதும், நீங்கள் வேர்க்கடலை என்பீர்கள், பிள்ளையைக் காப்பாற்றிய நர்ஸம்மாவுக்கு என்று ஒரு மூட்டை கொண்டுவந்து இறக்குவாள். ஒரு கடலைகூட நான் வாயில் வைத்ததில்லை.

சாந்திக்கு ஐந்து வயசு இருக்கும்போது காய்ச்சல் என்று கூட்டிவந்தாள். சுட்டெரிக்கிற மத்தியானம். தெர்மாமீட்டர் வைக்கக் குனிந்தேன். அந்தக் குழந்தை கையைத் தூக்கி, தடவாமல் தேடாமல், நேராக என் வலது மூக்கில் விரலை வைத்தது.

"கல்லு இன்னாச்சு?"

எந்தக் கல்லு என்று கேட்டேன்.

"செவப்புக் கல்லு. நீ குனிஞ்சா மினுக்குமே. அப்பாலிக்கா இப்படித் திருகுவியே."

சின்ன விரல்களால் காற்றில் மெதுவாகத் திருகிக் காட்டியது. திறக்கிற பக்கம்.

"இன்னாடி ஒளர்ற?" என்றாள் பத்மாவதி. "நர்ஸம்மா மூக்குத்தி போட்டு நானே பார்த்ததில்ல. காய்ச்சல்ல பேசுது, நீங்க ஒண்ணும் நெனைச்சுக்காதீங்க."

அந்தக் குழந்தைக்குச் சிவப்பு என்றால் என்னவென்று யார் காட்டினார்கள்? அது இந்த உலகத்தில் பார்த்ததே அந்த ஒற்றைக் கல்லைத்தானோ? அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். மருந்து கொடுத்து அனுப்பிவிட்டேன். பிறகு சாந்தியிடம் எத்தனையோ முறை கேட்டேன், அவளுக்கு ஒன்றும் நினைவில்லை. பத்மாவதி சாகும்வரை மூட்டை வந்தது. நான் சாகும்வரை சாந்தியிடம் சொல்லமாட்டேன் போலிருக்கிறது.

போன வருஷம் என் தங்கை பேத்திக்கு ஏழாம் மாதத்திலேயே குழந்தை பிறந்தது. இப்போதெல்லாம் மறக்காமல் கண்ணைப் பார்க்கிறார்கள், லேசர் வைத்துக் காப்பாற்றிவிட்டார்கள். எல்லோரும் சிரித்தார்கள், நான் தனியாகப் போய் அழுதேன். அந்தக் குழந்தை எல்லோருடைய முகத்தையும் பார்த்துச் சிரிக்கிறது. நான் குனிந்தால் மட்டும் முகத்தைப் பார்ப்பதில்லை. துளை தூர்ந்து எத்தனையோ காலமான என் வலது மூக்கையே பார்க்கிறது.