நல்லா கவனிச்சுக்கோ

கழுகு என்ற பெயர் அவளுக்குத் துணிக்கடையில் கிடைத்தது. உடுத்திப் பார்க்கும் அறையின் வாசலில் நின்று, உள்ளே கொண்டுபோன உடுப்பெல்லாம் ஒழுங்காகத் திரும்பி வருகிறதா என்று பார்ப்பதுதான் அங்கே அவள் வேலை. மற்றப் பெண்கள் கையில் இருக்கும் துணியை எண்ணுவார்கள். இவள் வெளியே வருகிறவரின் இடுப்பைப் பார்ப்பாள். போனபோது இருந்ததைவிடச் சற்றுப் பருத்திருந்தால், "உள்ள ஏதோ மறந்துட்டீங்கபோல, இன்னொரு தடவ பாத்துட்டு வாங்களேன்" என்பாள். சத்தம் போட மாட்டாள். நின்று நின்று முட்டி தேய்ந்ததும் அந்த வேலை போயிற்று. கண் மட்டும் தேயவில்லை.

அந்தக் கண்ணோடுதான் கடலோரப் பங்களாவைப் பார்த்துக்கொள்ள வந்தாள். ஊரும் தார்ச்சாலையும் முடிந்து, அதற்கப்புறமும் கொஞ்சம் நடந்தால் ஒற்றையாக நிற்கும் வீடு அது. விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுவார்கள். முன்னால் கடல், பின்னால் ஓர் அறை. அந்த அறைதான் அவளுக்கும், படகு இஞ்சின் பழுதுபார்க்கும் அவள் புருஷனுக்கும் குடித்தனம். வேலை இருக்கும்வரை அறை; வேலை போனால் அறையும் போச்சு. முன்பு ஒரு கூட்டம் சுவரிலிருந்த டிவியைக் கழற்றிப் போர்வையில் சுருட்டிக்கொண்டு போய்விட்டது. இன்னொரு தரம் இப்படி ஆனால் வேறு ஆள் பார்த்துக்கொள்வேன் என்று முதலாளி அன்றைக்கே சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அவள் யாரையும் நம்பியதில்லை. புருஷன் கிண்டல் செய்வான், கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தே யார் வீட்டு ஆள் என்று கேட்பவள் இவள் என்று.

ஆகவே முதலாளி போன் செய்து, "ரெண்டு பேர் வர்றாங்கம்மா. இவங்கள மட்டும் கொஞ்சம் நல்லா கவனிச்சுக்கோ" என்றபோது அவளுக்குச் சுருக்கென்றது. 'இவங்கள மட்டும்' என்றால் என்ன? முதலாளிக்கே சந்தேகம் வந்திருக்கிறது என்றால் விஷயம் பெரிசுதான்.

வந்தவர்கள் ஓர் ஆணும் ஒரு பெண்ணும். இருவருக்கும் தலை பாதி நரைத்திருந்தது. முதல் நாளே அவள் பிடித்துவிட்டாள்: இருவரும் ஒருவருக்கொருவர் வாங்க போங்க என்றே பேசிக்கொண்டார்கள். தண்ணீர் கேட்டால்கூட மரியாதை. புருஷன் பெண்டாட்டியாக இருக்க முடியாது என்று தன் புருஷனிடம் அடித்துச் சொன்னாள்.

"மரியாதையா பேசுறது ஒரு குத்தமா? நீயும் ஒருநாள் பேசிப் பாரேன், எப்படி இருக்குன்னு நானும் தெரிஞ்சுக்கிறேன்" என்றான் அவன்.

அடுத்த நாள் பெருக்கப் போனபோது இன்னொன்று கண்ணில் பட்டது. வீட்டுக்குள் மணலே இல்லை. கடலுக்கு வருகிறவர்கள் வேறு எதைக் கொண்டுவராவிட்டாலும் கால் நிறைய மணலைக் கொண்டுவருவார்கள். குளியலறையில், படுக்கையில், டீ குடித்த டம்ளரின் அடியில்கூட இருக்கும். இவர்கள் கடல் பக்கமே போகவில்லை. கடலைப் பார்க்க வராதவர்கள் பிறகு எதைப் பார்க்க வந்தார்கள்?

அதற்கப்புறம் அவள் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தாள். கொடியில் துணி உலர்த்துவதும், உலராத துணியை எடுப்பதும், எடுத்ததை மறுபடி உலர்த்துவதுமாக இருந்தாள். ஜன்னல் வழியே பார்த்தால் அந்த மனிதர் விரல் முட்டியால் சுவரைத் தட்டிக் காதை வைத்துக் கேட்கிறார். அந்தப் பெண் குழாய்களையெல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்து மூடுகிறாள். டிவியோடு போகிற கூட்டம் இல்லை இது, வீட்டையே பெயர்த்துக்கொண்டு போகிற கூட்டம் என்று தோன்றியது.

மறுநாள் காலை, சமையலறை ஜன்னலுக்குக் கீழே வாளியோடு குனிந்திருந்தபோது அந்த மனிதரின் குரல் கேட்டது. "பின்னாடி இருக்கிற அறைய எடுத்துட்டா நல்லா காத்து வரும்."

அவள் அறை. வாளி கை தவறிக் கல்லில் மோதியது. கதவு திறந்தது.

"உள்ள வாங்க" என்றாள் அந்தப் பெண். "வந்த நாள்லேர்ந்து எங்க பின்னாடியே சுத்துறீங்க. எதுக்குங்க?"

"ஐயா சொன்னாருங்க."

"என்னன்னு?"

"உங்கள நல்லா கவனிச்சுக்கச் சொன்னாரு."

அந்த மனிதர் சிரித்துவிட்டார். அந்தப் பெண் சிரிக்கவில்லை. வீட்டை விலை பேச வந்தவர்களை உபசரிக்கச் சொன்னால் இப்படிக் காவல் காத்திருக்கிறீர்களே என்றாள். இந்த அளவுக்குக் காவல் காக்க வேண்டுமென்றால் வீட்டில் எதையோ மறைத்திருக்கிறார்கள் என்று தோன்றித்தான் தாங்களும் சுவர் சுவராகத் தட்டிப் பார்த்தார்களாம்.

விலை பேச வந்தவர்கள். முதலாளி வீட்டை விற்கப் போகிறார். அவளிடம் மூச்சு விடவில்லை. துணிக்கடையிலும் சரி, இங்கேயும் சரி, வந்து போகிறவர்களின் இடுப்பைத்தான் அவள் பார்த்திருக்கிறாள். கடைக்காரரின் இடுப்பை ஒருநாளும் பார்த்ததில்லை.

அப்போதுதான் படுக்கையறை அலமாரி நினைவுக்கு வந்தது. போன மாதம் ஆள் வைத்து அதைக் கடல் பக்கச் சுவரோடு ஒட்டி நிறுத்தியிருந்தார் முதலாளி. இனி நகர்த்தாதே என்றும் சொல்லியிருந்தார். எலிக்குப் பயந்து என்று அவள் நினைத்திருந்தாள்.

"வீட்ட வாங்கினா அந்தப் பின் அறைய என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாள்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அது இன்னும் முடிவு பண்ணலங்க" என்றார் அந்த மனிதர். அந்த முகம் அவளுக்குப் பழகிய முகம். சட்டைக்குள் இன்னொரு சட்டையோடு வெளியே வருகிறவர்களின் முகம்.

"ஐயா, அந்த அலமாரிக்குக் கொஞ்சம் ஒரு கை பிடிங்க" என்றாள்.

அலமாரி நகர்ந்தது. புதுப் பூச்சையும் பிளந்துகொண்டு, தரையிலிருந்து கூரைவரை ஒரு விரிசல். ஓரங்களில் உப்பு பூத்திருந்தது. விரல் வைத்தால் வெளிக்காற்று பட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இவர் கடலையே அலமாரிக்குப் பின்னால் மறைத்திருந்தார்.

சாப்பாட்டு வேளைக்குள் அவர்கள் பெட்டியைக் கட்டிவிட்டார்கள். கிளம்பும்போது அந்தப் பெண் நன்றி என்றாள். எதற்கு என்று சொல்லவில்லை.

விஷயத்தைக் கேட்டு முடித்ததும் புருஷன் கைக் கிரீஸைத் துடைத்தபடி, "நியாயத்துக்காகக் காட்டுனியா, நம்ம அறைக்காகக் காட்டுனியா?" என்றான்.

"தூசி தட்டக் காட்டுனேன். போய்க் கை கழுவு."

சாயங்காலம் முதலாளி பேசினார். குரலில் வழக்கமான குழைவு வற்றியிருந்தது. அவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம், காரணமும் சொல்லவில்லையாம். "நீ அவங்கள நல்லா கவனிச்சியா இல்லையா?"

"ரொம்ப நல்லா கவனிச்சேங்க ஐயா."

"அந்த அலமாரிய..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். பிறகு, அடுத்த வாரம் ஒரு குடும்பம் வருவதாகச் சொன்னார். "அவங்களையும் கவனிச்சுக்கோ."

"எந்தக் கவனிப்புங்க ஐயா?"

"அப்புறம் சொல்றேம்மா" என்று முதலாளி போனை வைத்தார். அவர் இப்போதுதான் அவளைக் கவனிக்கத் தொடங்கியிருந்தார்.