"வாரேன்" என்று முடியும் பதிவு

அடுப்படியிலிருந்து, "காபி ஆறுது" என்று குரல் கொடுத்தேன். உள்ளறையில் முத்துசெல்வி தீப்பெட்டி லேபிளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். எழுத்துகளைச் சத்தமாக வாசித்துக் கணினியில் பதிந்துகொள்வாள். பிறகு அதைக் கேட்டபடி திரையில் எழுத்தெழுத்தாகப் பார்ப்பாள். அன்று காபியைக் குடித்துவிட்டு, அச்சகத்துக்கு ஸ்கூட்டரில் கிளம்பினாள். பைபாஸில் லாரி.

என் மனைவி அப்படித்தான் போனாள். இனி எழுதுவதை யாரும் நம்ப வேண்டாம். ஆனால் நடந்தது.

அன்று அவள் பதிந்ததில், தூரத்தில் என் குரல் கேட்கும். உடனே அவள், "ஒரு வரிதான் பாக்கி... வாரேன்" என்பாள். அதோடு முடியும். மற்ற பதிவுகளில் அவள் லேபிளைத்தான் வாசிக்கிறாள். இதில் மட்டும் என்னோடு பேசுகிறாள்.

கார்த்திகையில் கணினி திறக்க மறுத்தது. பழைய விண்டோஸ். அவளுடைய தமிழ் எழுத்துரு அதில்தான் ஓடும் என்று மாற்றவிடாமல் வைத்திருந்தாள். குரல் போய்விடுமோ என்று பயந்து, கம்ப்யூட்டர் கடை நந்தகோபாலை வரவழைத்தேன். பதிவுகள் இருக்கும் டிஸ்க்கை முன்பு மாட்டிக்கொடுத்ததும் அவர்தான். ஹைப்ரிட் டிஸ்க், சுழலும் தட்டும் உண்டு, வேகமான சின்னச் சில்லும் உண்டு. பதிவுகளைத் தொடாமல் புது விண்டோஸ் போட்டார். டிஸ்க் அதற்கு ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டேன்.

"எந்த விண்டோஸுக்கும் ஒத்துக்கிடும் அண்ணாச்சி. நீங்க அடிக்கடி திறக்கதை அதுவே பாத்துச் சில்லுல வச்சிக்கிடும். பழகுத வரைக்கும் மெதுவாத்தான் இருக்கும்."

மெதுவாகத்தான் இருந்தது. எதைத் திறந்தாலும் கிர்ர்... என்று தட்டு சுற்றி, அப்புறம்தான் குரல்.

அதுவரை நான் திறந்திராத அந்தக் கடைசிப் பதிவு மட்டும், முதல்முறை திறந்தபோதே, சத்தமில்லாமல் உடனே பேசியது.

போனில் நந்தகோபால் சிரித்தார். அக்கா அதை அடிக்கடி கேட்டிருப்பாவ, அது சில்லுல நிக்குது என்றார். பதிந்த அன்றே போய்விட்டவள், அதை ஒருமுறைக்கு மேல் கேட்டிருக்க முடியாது.

மறுநாள் இரண்டு தடவை அழுத்த வேண்டியது, ஒரு அழுத்தலில் பேசியது.

அப்புறம், மவுஸை அருகில் கொண்டுபோனாலே...

ஒரு சாயங்காலம் பழக்கத்தில் இரண்டு டம்ளரில் காபி ஊற்றிவிட்டேன். வாய் தானாகச் சொன்னது.

"காபி ஆறுது."

உள்ளறையில்...

"வாரேன்."

முன்னால் லேபிள் வாசிப்பு இல்லை. பாக்கி வரி இல்லை.

ஓடினேன்.

பதிவு திறந்திருந்தது.

தட்டு சுற்றவில்லை.

காலையில் கணினியைக் கடைக்குத் தூக்கிப் போனேன். நந்தகோபால் சோதித்துப் பார்த்தார். மறுபடியும் சோதித்தார். சிரிப்பு இல்லை.

"சில்லு எப்பவோ செத்துப்போச்சு அண்ணாச்சி. அதுல எதுவும் நிக்காது. வெறும் தட்டுதான் ஓடுது... மாத்திருவமா?"

வேண்டாம் என்றேன்.

மற்ற பதிவுகள் இன்றைக்கும் கிர்ர்... என்று சுற்றித்தான் திறக்கின்றன. அந்த ஒன்றுக்கு மட்டும் தட்டு சுற்றுவதில்லை.